எல்லாரும் லைனில் இருக்கிறார்கள்

கண்ணாடி என்று ஆபீஸில் எல்லாரும் கூப்பிடுகிறவன் அன்று லீவில் இருந்தான். அது அவளுக்குத் தெரியும். லீவுக்குக் கையெழுத்துப் போட்டதே அவள்தான். இருந்தாலும் பழக்கதோஷம், போன் லைனில் ஒவ்வொருவராகக் கூப்பிட்டுக் குரல் எடுக்கும்போது ஒல்லிக்கு அடுத்தபடியாகக் கண்ணாடியின் பெயர் தானாக வாயில் வந்துவிட்டது. சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டாள். அதற்குள் மேசைமேல் இருந்த போனிலிருந்து பதில் வந்துவிட்டது.

"இருக்கேன்."

கண்ணாடியின் குரல்தான். மூக்கடைத்த மாதிரி, பாதித் தூக்கத்தில் எழுப்பிவிட்ட மாதிரி, எப்போதும் அவன் சொல்வது போலவே.

லீவில் இருந்துகொண்டு லைனில் என்ன செய்கிறாய் என்று கேட்டாள். ஒல்லிதான் பேசினான். கண்ணாடி காலையிலேயே விமானம் ஏறிவிட்டான், இந்நேரம் ஏதாவது கடலுக்கு மேலே குறட்டை விட்டுக்கொண்டிருப்பான், அவன் எப்படி லைனில் வருவான் என்றான். அவளுக்குக் கோபம் வந்தது. ஒல்லி எல்லாரையும் போலப் பேசிக் காட்டுவதில் கெட்டிக்காரன். ஆபீஸ் விருந்துகளில் அவனுடைய மிமிக்ரி இல்லாமல் சாப்பாடு இறங்காது. மாடியில் மனித உயிர்கள் ஊசலாடிக்கொண்டிருக்கும்போது இது என்ன விளையாட்டு என்று கடிந்துகொண்டாள். தான் வாயையே திறக்கவில்லை என்று ஒல்லி சத்தியம் செய்தான். யாருக்கு நம்பத் தோன்றும்?

அவசர ஆம்புலன்ஸ் அழைப்புகளை வாங்கி வண்டி அனுப்புகிற அலுவலகம் அது. மாடியில் அழைப்பு எடுப்பவர்கள், கீழ்த்தளத்தில் சர்வர் அறை. அன்று ஞாயிற்றுக்கிழமை, மதியச் சாப்பாட்டு நேரத்தில் மாடியின் எல்லாத் திரைகளும் ஒரே மூச்சில் உறைந்துபோயிருந்தன. எந்த வண்டி எங்கே நிற்கிறது என்று காட்டும் வரைபடம் போய், தாளில் கிறுக்கி, டிரைவர்களுக்கு வாயால் வழி சொல்லிக்கொண்டிருந்தார்கள். இப்படிப்பட்ட நாட்களுக்காகவே அவளுக்குச் சம்பளம். எது நின்றாலும் ஆட்களைக் கூட்டி, யார் எதைப் பார்ப்பது என்று பிரித்துக் கொடுத்து, எல்லாம் திரும்ப ஓடுகிற வரை ஒரே போன் லைனில் அத்தனை பேரையும் கட்டிவைத்திருப்பது அவள் வேலை. மற்ற நாட்களில் அவளை யாரும் ஏறெடுத்தும் பார்ப்பதில்லை.

லைனில் ஒரு வழக்கம் இருந்தது. அவள் கொண்டுவந்ததுதான். முன்பொரு தடவை சர்வர் அறைக் குளிரில் ஒரு ஆள் மயங்கி விழுந்து, வெகுநேரம் யாருக்குமே தெரியாமல் கிடந்தார். அதிலிருந்து அடிக்கடி ஒவ்வொருவராகக் கூப்பிடுவாள். கூப்பிட்ட ஆள் "இருக்கேன்" என்று சொல்ல வேண்டும். குரல் வந்தால் ஆள் பத்திரம். வராவிட்டால் எல்லாவற்றையும் போட்டது போட்டபடி போட்டுவிட்டு முதலில் ஆளைத் தேடு. இதற்குப் பெயர் குரல் எடுப்பது. வேறு அலுவலகங்களில் இருந்தெல்லாம் வந்து கற்றுக்கொண்டு போனார்கள். அவளுக்கு அதில் கொஞ்சம் பெருமை உண்டு.

அன்றைக்கு லைனில் இருக்க வேண்டியவர்கள் நான்கே பேர். நெட்வொர்க் பார்க்கும் ஒல்லி, தகவல் சேமிப்பைப் பார்க்கும் டீச்சர், மேலதிகாரி சார், பிறகு தம்பி. டீச்சர் நிஜமாகவே ஒரு காலத்தில் பள்ளியில் கணக்குச் சொல்லிக்கொடுத்தவர். தம்பி நிஜமாகவே அவளுடைய தம்பி. அவள் அப்படிக் கூப்பிட்டுக் கூப்பிட்டு, அவனைவிடச் சின்னப் பையன்கள்கூட அவனைத் தம்பி என்றும் அவளை அக்கா என்றும் கூப்பிட ஆரம்பித்துவிட்டார்கள். மற்ற மூவரும் அவரவர் வீட்டிலிருந்து பேசினார்கள். அவன் மட்டும், இயந்திரங்களைக் கையால் தொட்டுப் பழுது பார்க்கிறவன் என்பதால், நேரில் வந்தாக வேண்டும்.

வந்ததும் கட்டடத்தின் பின்முற்றத்திலிருந்தே கைபேசியில் லைனில் சேர்ந்தான். "பின்படி வழியா வந்துட்டேன்க்கா. வெளியதான் நிக்கிறேன்." அவன் பின்னால் ஒரு ஆம்புலன்ஸ் பின்பக்கமாக நகர்ந்துகொண்டிருந்தது, அதன் பீப் ஒலிக்கு நடுவே யாரோ, "வா, வா, இன்னும் வா" என்று டிரைவருக்கு வழி காட்டிக்கொண்டிருந்தார். தம்பி ஒருமுறை இருமினான். அவள் போய்ப் பின்கதவைத் திறந்துவிட்டாள்.

இரும்புக் கேட்டில் கட்டைவிரலைக் கீறிக்கொண்டு வந்திருந்தான். ரத்தத்தைப் பார்த்ததும் அவன் கையைப் பிடித்து இழுத்துப் பார்த்தாள். அப்பா போன பிறகு அவனைத் தூக்கி வளர்த்தவள் அவள். இரண்டு பிள்ளைகளுக்கு அப்பன் ஆன பிறகும் அவன் உடம்பில் ஒரு கீறல் விழுந்தால் அவளால் தாங்க முடியாது. கைப்பையைத் துழாவியதில் மகளுக்காக வைத்திருந்த பிளாஸ்திரிதான் கிடைத்தது. மஞ்சள் வாத்துப் படம் போட்டது. போன் ஸ்பீக்கரில் இருந்ததால் லைனில் அத்தனை பேரும் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

"ஒண்ணும் ஆகலக்கா. பயப்படாத," என்றான் தம்பி. பிறகு வாத்தைப் பார்த்துவிட்டு, இதோடு உள்ளே போனால் சர்வரெல்லாம் சிரிக்குமே என்றான். டீச்சர் சிரித்தார். ஒல்லி வாத்துச் சத்தம் போட்டுக் காட்டினான்.

குரல் எடுத்தாள். தம்பி முறை வந்தபோது, அவன் அவளுக்கு எதிரிலேயே நின்றுகொண்டு, "இருக்கேன்க்கா, பசியோட" என்றான். அவன் ஒருநாளும் வெறுமனே இருக்கேன் என்று சொன்னதில்லை. கொட்டாவியோட, கடனோட, மாமியாரோட என்று ஏதாவது ஒரு வால் ஒட்டாமல் இருக்காது.

கீழ்த்தளத் தாழ்வாரத்தில் சர்வர் அறைக் கதவுக்குப் பக்கத்தில் ஒரு மேசை, அதன்மேல் பழைய கம்பி போன், ஒரு மடிக்கணினி. மடிக்கணினியின் திரையில் அந்த அறையிலிருக்கும் ஒவ்வொரு சர்வருக்கும் ஒரு புள்ளி. அந்த நிரல் விடாமல் ஒவ்வொன்றையும் கூப்பிட்டு இருக்கிறாயா என்று கேட்டுக்கொண்டே இருக்கும். பதில் சொன்னால் பச்சை, சொல்லாவிட்டால் சிவப்பு. குரல் எடுக்கும் யோசனையே அவளுக்கு அதைப் பார்த்துத்தான் வந்தது. இப்போது திரை முழுக்கச் சிவப்பு. மூலையில் ஒன்றே ஒன்று பச்சை.

அந்தப் பச்சையைத் தம்பிதான் முதலில் கவனித்தான். குனிந்து பார்த்தவன் சிரிப்பை நிறுத்தினான். அது போன மாதம் அவனே கழற்றிப் பழைய இரும்புக்காரனுக்குத் தூக்கிக்கொடுத்த சர்வர்.

ஏதோ பழைய பதிவு அழிக்காமல் கிடக்கிறது என்று அவள் சொன்னாள். அப்படித்தான் இருக்கும் என்று லைனில் டீச்சரும் சொன்னார். ஆனாலும் உயிரோடு இருக்கிற ஒரே புள்ளி அதுதான். அதை விட்டுவிட்டு வேறு எதைப் பார்ப்பது? தம்பி தன் அடையாள அட்டையைப் பூட்டில் தேய்த்தான், பூட்டு கிளிக்கென்று திறந்தது. உள்ளே போனான். கனத்த இரும்புக் கதவு அவன் பின்னால் மெதுவாக, காற்றை அழுத்திக்கொண்டு மூடியது.

அந்தக் கதவு மூடிவிட்டால் உள்ளே கத்தினாலும் வெளியே கேட்காது. முக உயரத்தில் கையகலக் கண்ணாடி ஒன்று உண்டு, அவ்வளவுதான். உள்ளே சுவரில் இன்னொரு கம்பி போன் இருந்தது. அதை எடுத்து லைனுக்கு வந்தான் தம்பி. வழக்கமாக அந்த அறையில் ஏசியும் நூறு மின்விசிறிகளும் போடுகிற இரைச்சலில் பக்கத்தில் நிற்பவன் பேசுவதே காதில் விழாது. இப்போது அவன் உடை உரசும் சத்தம்கூடத் தெளிவாக வந்தது. ஏசி நின்றிருந்தது. வெப்பம் ஏறியிருந்தது. தூசி கருகும் வாடை அடிப்பதாகச் சொன்னான்.

"இவ்வளவு அமைதியா இந்த ரூமைப் பாத்ததே இல்லக்கா," என்றான். கொஞ்ச நேரம் காலடி ஓசை. பிறகு, "அந்த இடம் காலியாதான் இருக்கு. வெறும் கேபிள் தொங்குது. ஆனா..."

ஆனால் என்ன என்று கேட்டாள்.

"கேபிள் முனை சூடா இருக்கு. இப்பதான் யாரோ கழட்டின மாதிரி."

மடிக்கணினியில் அந்தப் பச்சைப் புள்ளி அசையாமல் இருந்தது. அவள் அதைப் பார்ப்பதைத் தவிர்த்தாள். லைனில் யார் இப்படி மூச்சு விடுவது, போனைக் கொஞ்சம் தள்ளிப் பிடியுங்கள் என்று சார் எரிந்து விழுந்தார். அவர் சொன்ன பிறகுதான் அவளுக்கும் கேட்டது. இழுத்து, நிறுத்தி, விடுகிற மூச்சு. போன் வாயில் உதடு பட்டுக்கொண்டிருக்கிற நெருக்கம். தன்னுடையது இல்லை என்றான் ஒல்லி. தன்னுடையதும் இல்லை என்றார் டீச்சர். அவள் குரல் எடுத்தாள். இந்தத் தடவை கண்ணாடியின் பெயர் வாயில் வந்துவிடாமல் ஜாக்கிரதையாக எடுத்தாள். ஒல்லி சொன்னான். டீச்சர் சொன்னார். சார் சொன்னார். தம்பி, வேர்வையோட இருக்கேன்க்கா என்றான். முடிந்தது. முடிந்த பிறகு, தன் முறை வரும் என்று காத்திருந்த யாரோ ஏமாந்து போன மாதிரி, லைனில் ஒரு சின்ன மூச்சிழுப்பு கேட்டது.

வெளியே வந்துவிடு என்று அவனிடம் சொல்ல வாயெடுத்தாள். கரண்ட் போனால் தாங்குகிற பேட்டரி இருக்கும் பக்கம் ஏதோ புகைகிறது, ஒரு நிமிஷம் பார்த்துவிட்டு வருகிறேன் என்று அவன் முந்திக்கொண்டான். அவள் விட்டுவிட்டாள்.

கதவுப் பூட்டு தானாகக் கிளிக்கென்றது.

தாழ்வார விளக்குகள் ஒரு தடவை மங்கி மீண்டன. கையகலக் கண்ணாடிக்கு அப்பால் இருந்த வெளிச்சம் போய்விட்டது. அவள் தன் அட்டையைத் தேய்த்தாள். பூட்டின் மேலிருக்கும் சின்ன விளக்குகூட எரியவில்லை. பூட்டை ஆள்கிற கணினியும் போய்விட்டது என்று புரிந்தது. அந்தக் கணினி நின்றால் தானாகத் திறந்துகொள்ள வேண்டிய கதவு அது. திறக்கவில்லை. பிடித்து இழுத்தாள், சுவரில் காலை ஊன்றிக்கொண்டு இழுத்தாள், இம்மியும் அசையவில்லை.

அப்போதுதான் சங்கு ஊதியது.

தீயணைப்புச் சங்கு. அறைக்குள் புகை கண்டால் ஊதும். ஊதி அரை நிமிஷத்தில் சுவரோரம் நிற்கும் சிவப்பு உருளைகள் திறந்துகொண்டு கரியமில வாயுவால் அறையை நிரப்பும். தீக்கு மூச்சு முட்டும். உள்ளே இருக்கிற எல்லாவற்றுக்கும் மூச்சு முட்டும். அதற்காகவே கதவுக்குப் பக்கத்தில் வெளிச்சுவரில் ஒரு நீலப் பொத்தான் வைத்திருந்தார்கள். அழுத்திப் பிடித்திருக்கும் வரை வாயு வராது. கையை எடுத்தால் வரும். எடுத்த பிறகு மறுபடி அழுத்திப் பயனில்லை.

அவள் பாய்ந்து போய் இரண்டு கையாலும் அழுத்தினாள். சங்கு நின்று நின்று ஊதத் தொடங்கியது. உள்ளே தம்பி. அவ்வளவுதான் மூளையில் ஓடியது. உள்ளே தம்பி, உள்ளே தம்பி.

சங்குச் சத்தம் கேட்டு வாசல் காவலாளி ஓடிவந்தார். பொத்தானில் அவள் கைகளையும் மூடிய கதவையும் பார்த்ததும் அவருக்கு விளக்கிச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. கதவுக்குச் சாவி உண்டு, ஆனால் அது எதிர்க் கட்டடத்தில் நிர்வாகியின் அலமாரியில் இருக்கிறது. எடுத்துக்கொண்டு வருகிறேன், கையை மட்டும் எடுத்துவிடாதேம்மா என்று சொல்லிவிட்டுப் படியேறி ஓடினார். அவருடைய பூட்ஸ் சத்தம் மேலே போய் மறைந்தது.

தாழ்வாரத்தில் அவள் மட்டும். சங்கு. மேசையில் போன்.

கருகிய வாடை கதவிடுக்கு வழியாகக் கசிந்து வந்தது; பிளாஸ்டிக்கும் எண்ணெயும் சேர்ந்து எரிகிற, தொண்டையில் ஒட்டிக்கொள்கிற வாடை. கண்ணாடிக்கு அப்பால் கறுப்பாக ஏதோ சுழன்றது. புகைதான். புகையாகத்தான் இருக்க வேண்டும். போனைப் பார்த்து அவள் கத்தினாள், தம்பி எப்படியிருக்கிறாய் என்று. சத்தத்தில் யார் யாரோ ஒரே நேரத்தில் பேசினார்கள். தம்பி பேசவில்லை.

அப்போது கதவில் ஒரு தட்டல் கேட்டது.

கேட்டது என்பதைவிட, சுவரில் வைத்திருந்த கைகள் வழியாக உடம்புக்குள் வந்தது. தட். தட். கைப்பிடி உயரத்திலிருந்து வரவில்லை. கீழே. அவள் முழங்காலுக்கும் கீழே, தரையை ஒட்டி. ஒரு ஆள் கதவைத் தட்டினால் அங்கிருந்தா தட்டுவான்? தட். தட். பிறகு நகத்தால் இழுக்கிற மாதிரி ஒரு நீண்ட கீறல், இடப்பக்கத்திலிருந்து வலப்பக்கம், கதவின் அடிவிளிம்பு நெடுக.

உள்ளே சர்வர் இல்லாமல் காலியாக இருந்த அந்த இடம் அவளுக்கு நினைவுக்கு வந்தது. சூடான கேபிள் முனை. பதில் சொல்லிக்கொண்டே இருக்கிற பச்சைப் புள்ளி. அவள் கால்களைக் கதவிலிருந்து விலக்கி வைத்துக்கொண்டாள்.

போனில் சார் பேசினார். சங்கைத் தாண்டிக் கேட்க வேண்டும் என்று ஒவ்வொரு சொல்லாகப் பேசினார். பேட்டரி தீப்பிடித்துவிட்டது, விட்டால் மொத்த அறையும் போய்விடும், நாளைக்கும் நாளை மறுநாளும் இந்த ஊரில் எவனுக்கு நெஞ்சு வலித்தாலும் வண்டி போகாது, வாயு வந்தாக வேண்டும் என்றார். உள்ளே தம்பி இருக்கிறான் என்று அவள் அழுதாள். சார் கெட்ட மனிதர் இல்லை. அவள் வைத்த விதியையே அவளுக்கு எடுத்துக்கொடுத்தார்.

"குரல் எடும்மா. உள்ள ஆள் இருந்தா நானே விடச் சொல்ல மாட்டேன்."

குரல் எடுத்தாள். ஒல்லி இருந்தான். டீச்சர் இருந்தார். சார் இருந்தார். கடைசியாக, "தம்பி?" என்றாள்.

"இருக்கேன்."

உயிர் வந்தது அவளுக்கு. கண்ணீர் பொலபொலவென்று கொட்டியது. "எங்கடா இருக்க? உள்ளயா?"

"பின்படி வழியா வந்துட்டேன்க்கா. வெளியதான் நிக்கிறேன்."

பின்னால் ஆம்புலன்ஸின் பீப் ஒலி கேட்டது. "வா, வா, இன்னும் வா" என்று யாரோ வழி காட்டுவது கேட்டது. முற்றம்தான். சந்தேகமே இல்லை, முற்றத்தில்தான் நிற்கிறான். பேட்டரிப் பக்கம் வேறு கதவு எதுவும் இருக்கிறதா என்று அவளுக்கு நிச்சயமாகத் தெரியவில்லை. பழைய கட்டடம், ஏசிக் குழாய் போகிற சந்து ஒன்று உண்டு என்று எப்போதோ கேள்விப்பட்டிருந்தாள். அந்த வழியாகப் புகுந்து வந்திருப்பான். சின்ன வயதிலிருந்தே எலி மாதிரி எந்தச் சந்திலும் புகுந்துவிடுவான்.

அடி ஒண்ணும் படலையே என்று கேட்டாள்.

"ஒண்ணும் ஆகலக்கா. பயப்படாத." ஒருமுறை இருமினான்.

லைனில் எல்லாரும் பெருமூச்சு விட்டார்கள். நல்லவேளை, நல்லவேளை என்று டீச்சர் சொல்லிக்கொண்டே இருந்தார். இனி யோசிக்காதே, பொத்தானை விடும்மா என்றார் சார்.

தட். தட். தட்.

இப்போது வேகமாக வந்தது. தம்பி வெளியே இருக்கிறான். அப்படியென்றால் உள்ளே இருப்பது எது? அதை அவள் பார்க்க விரும்பவில்லை. அது வெளியே வரவும் கூடாது. காவலாளி சாவியோடு வந்து கதவைத் திறந்துவிட்டால்? தட்டல் தரையிலிருந்து ஏறத் தொடங்கியது. முழங்கால் உயரம். இடுப்பு உயரம். எழுந்து நிற்கப் பார்க்கிறது. கதவைப் பிடித்துக்கொண்டு எழுந்து நிற்கப் பார்க்கிறது.

அவள் கையை எடுத்தாள்.

சங்கின் சத்தம் மாறியது. இடைவெளி இல்லாமல், ஒரே நீட்டாய். பிறகு சுவருக்கு அப்பால் பெரிய பெரிய மூடிகளைத் திறந்தது போல ஒரு சீறல். தரை அதிர்ந்தது. கதவின் இரும்பு அவள் கண்ணெதிரே குளிர்ந்து வியர்த்தது.

அவள் சுவரில் சாய்ந்து நின்றாள். முடிந்தது என்று நினைத்தாள். முற்றத்துக்குப் போய் அவனைக் கட்டிக்கொண்டு, நாலு திட்டுத் திட்டி, வீட்டுக்கு அனுப்பிவைக்க வேண்டும். இவ்வளவு நேரம் சாப்பிடாமல் இருக்கிறான்.

போனில் பீப் ஒலி கேட்டது. பீப், பீப். "வா, வா, இன்னும் வா."

"பின்படி வழியா வந்துட்டேன்க்கா. வெளியதான் நிக்கிறேன்." ஒரு இருமல்.

யாரும் அவனை எதுவும் கேட்டிருக்கவில்லை.

இன்னும் எந்த ஆம்புலன்ஸ் பின்னால் வந்துகொண்டிருக்கிறது? வண்டிகள் எல்லாம் ஓட்டத்தில் இருக்கின்றன. முற்றம் எப்போதோ காலி.

பீப், பீப். "வா, வா, இன்னும் வா." அதே குரல். அதே இழுப்பு. அதே இடத்தில் அதே இருமல்.

வெறும் இருக்கேன்.

பசியோட இல்லை. வேர்வையோட இல்லை. வெறும் இருக்கேன்.

அவளுக்கு இன்னொன்றும் நினைவு வந்தது. ஒவ்வொரு வருஷமும் தீப் பயிற்சியில் அவளே நின்று சொல்லிக்கொடுப்பது. புகை வந்தால் நிற்காதே. தரையோடு படு. நல்ல காற்று கீழேதான் இருக்கும். தவழ்ந்து கதவுக்கு வா. தரையிலிருந்தே தட்டு.

நீலப் பொத்தானில் விழுந்தாள். அழுத்தினாள். குத்தினாள். உள்ளங்கையால், முட்டியால், முழங்கையால். சீறல் நிற்கவில்லை.

கண்ணாடியில் ஒரு கை வந்து ஒட்டியது.

உள்பக்கமிருந்து. விரல்கள் விரிந்து. வெள்ளைப் புகையில் அந்தக் கை மட்டும். கட்டைவிரலில் மஞ்சள் வாத்து.

அவள் தன் கையைக் கண்ணாடியின் இந்தப் பக்கம் வைத்தாள். அவன் பெயரை, லைனில் யாருக்கும் தெரியாத, வீட்டுக்குள் மட்டும் கூப்பிடும் செல்லப் பெயரைச் சொல்லிக் கத்த வாயைத் திறந்தாள். காற்று வந்தது. குரல் வரவில்லை. இன்னொரு தடவை. காற்றுதான். தொண்டைக்குள் குரல் இருந்த அந்த இடம் காலியாக இருந்தது.

கை மெல்ல இறங்கியது. விரல் விரலாக. பிளாஸ்திரி மட்டும் கண்ணாடியோடு ஒட்டிக்கொண்டு நின்றுவிட்டது.

மடிக்கணினியில் ஒரு புள்ளி பச்சையானது. இன்னொன்று. பிறகு வரிசை வரிசையாக, திரை முழுக்க. மாடியில் கைதட்டல் கேட்டது. யாரோ காலால் தரையைத் தட்டிக் கொண்டாடினார்கள். வந்துவிட்டது, வந்துவிட்டது, எல்லாமே பதில் சொல்கிறது என்று ஒல்லி கூவினான். டீச்சர் அழுகிற மாதிரி சிரித்தார். படிகளில் எங்கோ மேலே சாவிக்கொத்தின் சத்தம் இறங்கி வந்துகொண்டிருந்தது.

சார் தொண்டையைக் கனைத்துக்கொண்டார். அக்காவுக்குத்தான் நன்றி சொல்ல வேண்டும் என்றார். லைனை மூடுவதற்கு முன் கடைசியாக ஒரு தடவை குரல் எடுப்பதும் வழக்கம். அவள் களைத்திருப்பாள் என்று இன்றைக்குத் தானே எடுப்பதாகச் சொன்னார்.

"ஒல்லி?"

"இருக்கேன் சார்."

"டீச்சர்?"

"இருக்கேன்."

"தம்பி?"

"இருக்கேன்."

"அக்கா?"

அவள் போனை நோக்கி ஓடினாள். மேசையில் மோதினாள். வாயை அகலத் திறந்தாள்.

"இருக்கேன்," என்றது போனுக்குள்ளிருந்து அவள் குரல்.

"சரி," என்றார் சார் நிம்மதியாக. "எல்லாரும் இருக்காங்க."